ஒரு சாண் குறைந்த வெள்ளைக் கோடு

கொடி தைக்கிற ஒரு கடையில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். பயந்த மனசுக்காரர்கள் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டோம். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே உள்ளங்கை சில்லிட்டுப்போகும்.

கடை ஆற்றுத் துறைக்குப் போகிற தெருவில் இருந்தது. முன்னறையில் நீளமான வெட்டுமேசை, அதன் பின்னால் தையல் மெஷின்கள், மூலையில் இஸ்திரிப் பெட்டி, கொடியின் ஓரத்தில் பித்தளை வளையம் அடிக்க ஒரு கைமெஷின். கடைக்காரி ஒரு அக்கா. அவளுடைய தம்பிதான் வளையம் அடிப்பான், கயிறு கோப்பான். தம்பியின் மனைவி மெஷினில் உட்காருவாள். அவள் ரொம்ப ஒல்லி. கல்யாணமாகி வந்த வாரமே நாத்தனார் அவளுக்கு நூலு என்று பெயர் வைத்துவிட்டாள்.

“நூலுன்னு கூப்பிட்டா கோவம் வருமா?” என்று கேட்டாளாம்.

“உங்க நாக்கை ஊசின்னு நான் சொல்லாத வரைக்கும் வராது அண்ணி,” என்றாளாம் இவள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

நாத்தனாருக்கு ஒரு பிடிவாதம். காரணம் தெரியாமல் துணியில் கத்திரி வைக்க மாட்டாள். எந்த நிறம் எதற்கு, எந்தக் கோடு யாருக்கு என்று கொடி கேட்டு வருகிறவர்களிடம் குடைந்து எடுத்துவிடுவாள். புதிதாக டயர் கடை திறக்கப்போகிற ஒருவர் வாசலில் கட்டத் தோரணக்கொடி கேட்டு வந்தார்.

“மஞ்சளும் சிவப்பும் மாத்தி மாத்தி வரணும்.”

“ஏன் மஞ்சள்?”

“பொண்டாட்டிக்குப் பிடிக்கும்.”

“அதைச் சொல்ல இவ்வளவு வெட்கமா? சரி, சிவப்பு?”

“அது மாமியாருக்கு.”

“உங்களுக்குன்னு ஒண்ணும் இல்லையா?”

“கயிறு இருக்குல்ல,” என்றார் அவர். நூலு மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

அவர் சும்மா இல்லாமல், தோரணக்கொடி ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று கேட்டுவைத்தார். நாத்தனார் இதற்குத்தானே காத்திருப்பாள். “கம்பத்துல பறக்கிற பெரிய கொடி காத்துல கிழியும். கிழியாத மூலையை மட்டும் வெட்டி வரிசையாக் கட்டினாங்க. அதுதான் தோரணம். சந்தோஷத்துக்குக் கட்டுறது எல்லாம் ஏதோ ஒரு துக்கத்தோட மிச்சம்.” யார் சொன்னது என்று கேட்டார். “நான்தான் சொல்றேன், காது கேக்கலையா?” என்றாள்.

இப்படிச் சிரித்துப் பேசுகிற கடையில்தான் வருஷத்துக்கு ஒருமுறை அந்த நினைவுக்கொடியும் தைப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்தத் துறையில் ஒரு மோட்டார் படகு முங்கிப்போனது. கரைக்குப் பக்கத்தில் வந்து, இறங்கப்போகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்ற நேரம். கரையில் இருந்தவர்கள் கயிறு வீசினார்கள். கயிறு படகின் விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் தண்ணீரில் விழுந்தது. மறுபடி வீச இழுத்துச் சுருட்டுவதற்குள் அங்கே படகு இல்லை.

நூலு அப்போது கரையில் நின்றிருந்தாள். படகில் அவள் தங்கை வந்துகொண்டிருந்தாள். வேலை ஒன்றும் இல்லை, புதுச்செருப்பு வாங்கினாளாம், அதை அக்காவிடம் காட்டவேண்டுமாம். வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். குட்டி கிடைக்கவே இல்லை.

நினைவுக்கொடி எப்படி இருக்கவேண்டும் என்று பறிகொடுத்தவர்கள் கூடிப் பேசினார்கள். படகு போடலாம் என்றார்கள், பூ போடலாம் என்றார்கள். மகனை இழந்த ஒரு பெரியவர், “கயித்தைப் போடுங்க. எட்டாத மாதிரி போடுங்க. எட்டிச்சுன்னு போட்டா அது பொய்,” என்றார். அப்படியே முடிவானது. கருநீலத் துணி. கம்பத்துப் பக்கமிருந்து நடுவே ஒரு வெள்ளைக் கோடு கிளம்பும். காற்றில் ஆடுகிற மறு ஓரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். தெரியாதவர்கள் பார்த்தால் துணி பத்தாமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

வருஷா வருஷம் அதை நாத்தனாரே தைப்பாள். நூலு அந்தத் துணியைத் தொடமாட்டாள். நாத்தனாரும் தொடச்சொல்ல மாட்டாள். அந்த வருஷம் நாத்தனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். வெளியே கொடுத்துத் தைக்கலாம் என்று கணவன் சொன்னான்.

“வேண்டாங்க,” என்றாள் நூலு. “நானே தைக்கிறேன்.”

கணவனும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “முடியலைன்னா பாதியில எழுந்துடு,” என்றாள் நாத்தனார்.

நூலு பாதியில் எழவில்லை. வெள்ளைப் பட்டையை நீலத்தின் மேல் வைத்துத் தைத்துக்கொண்டே போனாள். நிறுத்தவேண்டிய இடத்தில் சாக்பீஸ் கோடு இருந்தது. கால் பெடலை விட்டு எழவில்லை. ஊசி அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு சாணும் போய், துணியின் கடைசி ஓரத்தில் நின்றது. தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். குட்டிக்கு இப்போதாவது எட்டட்டும் என்றுதான் தைத்தாள்.

உடனே மடித்துவைத்துவிட்டாள். கணவன் மடிப்பைப் பிரிக்காமலே கம்பத்துப் பக்கம் வளையம் அடித்தான். காலையில் பறிகொடுத்தவர்கள் வந்து வாங்கிப்போய், துறையில் இருக்கிற கம்பத்தில் ஏற்றினார்கள். ஆடுகிற ஓரத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? கொடி ஒரு வாரம் பறக்கவேண்டும் என்பது முறை.

அன்று மத்தியானம் நூலு தனியாக மெஷினில் இருந்தபோது கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் டிக்கெட் பை. படகில் டிக்கெட் கொடுக்கிறவர். எத்தனையோ தடவை அவரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டிருக்கிறாள். அவரும் அந்தப் படகோடு போனவர்தான்.

நூலுவுக்குப் பயம் வரவில்லை. இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் எப்படி வராமல் இருக்கும் என்கிறார்கள். பிரியமானவர்கள் வரவேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் தெரியும், அப்போது பயத்துக்கு இடம் இருப்பதில்லை.

“குட்டி வர்றாளா?” என்று கேட்டாள்.

“பின்னாடி இருக்கா,” என்றார் அவர். ஒரு கையை எதையோ பிடித்த மாதிரி மூடி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அந்த இடத்தில் தெரு மட்டும்தான் இருந்தது. நூலு எழுந்து போய் அவர் நின்ற தரையைத் தடவிப் பார்த்தாள். ஆற்றிலிருந்து வந்தவர் நின்ற இடத்தில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனால் திரும்பி வந்து ஊசியில் நூல் கோக்கும்போது அவள் ரவிக்கைக் கை சொதசொதவென்று நனைந்திருந்தது.

மறுநாள் பையைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெண் வந்தாள். அடுத்து ஒரு கணவனும் மனைவியும். எல்லாரும் ஒரே மாதிரி, ஒரு கையை மூடிக்கொண்டு, டிக்கெட் எடுக்க நிற்கிறவர்கள் போல முறையாக வந்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லாரிடமும் நூலு ஒன்றையேதான் கேட்டாள். எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். பின்னாடி இருக்கா.

வீட்டிலும் கடையிலும் வேறு சிலது நடந்தது. கணவன் அவளை மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஒரு தடவை திரும்பினாள்.

“காதுல என்ன பஞ்சா வச்சிருக்க?”

“நீங்க ஏன் மெதுவாப் பேசறீங்க?”

“மெதுவாவா? எதிர்க்கடைக்காரன் எட்டிப் பாக்குறான்.”

சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் தள்ளி வைத்தாள். சோற்றில் சேற்று வாசனை அடிக்கிறது என்றாள். காலையில் எப்போதோ குளித்த தலை மாலை வரை காயவில்லை, ஜடை நுனியிலிருந்து சொட்டியது. இஸ்திரி போட நின்றால் அவள் கை பட்ட இடத்தில் எல்லாம் பெட்டி சீறியது.

“ஏண்டி, துவட்டாம வந்துட்டியா?” என்றாள் நாத்தனார். நூலு தலை நிமிரவில்லை. கேட்கவில்லை என்று நாத்தனாருக்குத் தெரிந்தது. டயர் கடைக்குத் தைத்த மஞ்சள் முக்கோணத்தை எடுத்துப் பார்த்தாள். நூலு விரல் பதிந்த இடத்தில் எல்லாம் பழுப்பாக ஆற்றுத்தண்ணீர்க் கறை.

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு துறைக்குப் போனாள்.

அன்றைக்கு இலை அசையவில்லை. துறையில் கட்டியிருந்த மற்றக் கொடிகள் எல்லாம் துவண்டு தொங்கின. நீலக்கொடி மட்டும் பலகை மாதிரி விறைத்து, ஆற்றைப் பார்த்து நீண்டு நின்றது. அதில் வெள்ளைக் கோடு ஓரம் வரைக்கும் போயிருந்தது. கம்பம் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருந்த மாதிரியும் இருந்தது என்று பின்னால் சொன்னாள்.

திரும்பி வந்தவள், நூலுவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டாள். “கோட்டை எட்டுற மாதிரி போட்டியா?”

“ஆமா அண்ணி.”

“அப்போ வந்திருப்பாங்களே. யார் யார் வந்தாங்க?”

நூலு ஒவ்வொருவராகச் சொன்னாள். பக்கத்தில் நின்ற கணவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பிரிச்சுடு,” என்றாள் நாத்தனார்.

“குட்டி வரட்டும். பாதிக்கு மேல வந்துட்டாங்க. அவ பின்னாடி சீட்டு.”

“அவ வரதுக்குள்ள உன்னை நாங்க பறிகொடுத்துடுவோம் போல இருக்குடி.”

“எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணி. கொஞ்சம் குளிருது, அவ்வளவுதான்.”

கணவன் எழுந்து ஓடினான். தானே கொடியை இறக்கிவிடலாம் என்று நினைத்தான். கம்பத்துக் கயிறு நனைந்து கனத்து, இரும்பு மாதிரி நின்றது. துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லை. ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே, “அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிருக்கிற மாதிரி இருக்குய்யா,” என்றார். அதற்குப் பிறகு யாரும் கயிற்றைத் தொடவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தைத்ததை அவளேதான் பிரிக்கவேண்டும். நூலை எங்கே இறுக்கினோம், எங்கே விட்டோம் என்று தைத்த கைக்குத்தான் தெரியும், மற்றக் கை பிரித்தால் துணி கிழியும் என்பார்கள். நாத்தனார் பிரிகத்தியைக் கொண்டுவந்து நூலுவின் மெஷின் மேல் வைத்தாள்.

“நான் கெஞ்ச மாட்டேன். உன் தங்கச்சி, உன் தையல். ஆனா இவன் என் தம்பி. அவன் மூஞ்சைப் பாத்துட்டு முடிவு பண்ணு,” என்றாள்.

நூலு அவன் முகத்தைப் பார்த்தாள். நீரில் விழுந்த நிழல் போல அது கலங்கித்தான் தெரிந்தது.

மறுநாள் நாத்தனாரும் கணவனும் கடையை விட்டு நகரவில்லை. வெயில் வெட்டுமேசை மேல் விழுந்திருந்த நேரம், நூலு தலையை நிமிர்த்தினாள். வாசலில் குட்டி நின்றாள். வாரின தலை கலையவில்லை, பாவாடை மடிப்பு கலையவில்லை. காலில் புதுச்செருப்பு.

“ஏண்டி இவ்வளவு நேரம்?” என்றாள் நூலு.

“முன்னாடி இருக்கிறவங்க நகந்தாத்தானே நான் வர முடியும். நீ என்ன இன்னும் இளைச்சுட்ட? உன் நாத்தனார் சோறு போடறதில்லையா?”

“போடறாங்க. எனக்குத்தான் இறங்கல. உள்ள வாடி.”

குட்டி வாசற்படியைத் தாண்டவில்லை. “செருப்பு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. உள்ள வா.”

“நல்லாப் பாரு. காஞ்சிருக்கா?”

“காஞ்சிருக்கு.”

“இப்ப உன் காலைப் பாரு.”

நூலு குனிந்தாள். பழுப்புத் தண்ணீர் முழங்கால் வரை நின்றது. பெடல் உள்ளே மூழ்கிக் கிடந்தது. அவள் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் சத்தமில்லாமல் மடிக்கு ஏறியது. நாத்தனாரையும் கணவனையும் தேடினாள். அவர்கள் மேசையருகில்தான் இருந்தார்கள். ஆனால் எங்கோ உயரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து மேலே பார்த்தால் விளிம்பில் தெரிகிறவர்கள் போலச் சின்னதாகத் தெரிந்தார்கள். கணவன் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் இல்லை.

“நாங்க யாரும் வரலக்கா,” என்றாள் குட்டி. “நீதான் வந்துட்டிருக்க. கயித்தோட அந்தப் பக்கம் நாங்க அத்தனை பேர். இந்தப் பக்கம் நீ ஒருத்தி. யார் யாரை இழுப்பாங்க?”

“அவங்களை விடச் சொல்லேன்.”

“விட மாட்டாங்க. எவ்வளவு காலம் கழிச்சுக் கைக்கு ஒரு கயிறு கிடைச்சிருக்கு. நானும் பிடிச்சுத்தான் இருக்கேன். கை தானா மூடிக்குது.” மூடிய கையைத் தூக்கிக் காட்டினாள். சிறு பிள்ளை மிட்டாயை ஒளித்துவைத்தது போல இருந்தது அது.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குளிரக்கூட இல்லை இப்போது.

“வந்துட்டா என்னடி?” என்றாள்.

குட்டி அவளையே பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் கண்ணில் இருந்ததை நினைத்தால்தான் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

“என் பக்கத்துல இடம் இருக்கு,” என்றாள் கடைசியில். “நீ வந்தா எனக்கு ஆசைதான் அக்கா. அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் போ. நான் இப்படி நல்லவளா ரொம்ப நேரம் நிக்க மாட்டேன்.”

நூலு பிரிகத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நாத்தனாரும் கணவனும் பார்த்தது இதுதான். அதுவரை கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவள் திடீரென்று எழுந்து, காய்ந்த தரையில், இடுப்பளவு ஆற்றில் நடக்கிறவள் போல ஒவ்வொரு காலாக இழுத்து இழுத்து வாசலைத் தாண்டினாள். கணவன் தோளைப் பிடித்தான். தெரு முழுக்க அவனைப் பிடித்தபடியேதான் நடந்தாள். அவள் நடந்த இடமெல்லாம் தார் கறுத்து ஈரமானது.

கம்பத்துக் கயிற்றில் அவள் கை பட்டதும் கொடி வேஷ்டி நழுவுகிற மாதிரி இறங்கி வந்து மடியில் விழுந்தது. தரையிலேயே உட்கார்ந்து ஓரத்தை எடுத்தாள். துறையில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். கயிறு போடச் சொன்ன அந்தப் பெரியவரும் வந்தார். கோடு எதுவரைக்கும் போயிருக்கிறது என்று பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

குனிந்து அவள் காதருகில் வந்து கேட்டார். “என் பையன் வந்தானா?”

நூலு தலையாட்டினாள். “சட்டையில பொத்தான் மாத்திப் போட்டிருந்தாரு.”

“எப்பவும் அப்படித்தான்,” என்றார் அவர். ரொம்ப நேரம் அந்த வெள்ளைப் பட்டையின் நுனியை விரலால் தொட்டுக்கொண்டு நின்றார். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நூலு என்ன செய்திருப்பாளோ. அப்புறம் விரலை எடுத்துவிட்டு, “பிரிம்மா,” என்றார்.

அவள் பிரித்தாள். முதல் தையல் அறுந்ததும் தெருவில் எங்கோ ஒரு பஸ் ஹாரன் கேட்டது. அடுத்தடுத்து அறுக்க, படிக்கட்டில் தண்ணீர் மோதுகிற சத்தம், நாத்தனாரின் மூச்சு, அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கட்டிப்போயிருந்த கணவனின் குரல் என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சாக்பீஸ் கோடு இருந்த இடத்துக்கு வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு தையல்.

அப்போது பட்டையின் நுனி அவள் விரலிலிருந்து இழுபட்டது. பலமான இழுப்பு இல்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தை இழுக்குமே, அந்த மாதிரி ஒற்றைக் கை இழுப்பு. கத்தி நின்றுவிட்டது. கணவன் அவள் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டான். அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தான்.

இழுப்பு மறுபடி வந்தது, கொஞ்சம் பலமாக.

நூலு அறுத்தாள்.

அதற்குப் பிறகு யாரோ ஒரு பெண் அங்கே கத்தி அழுதாள். அந்தச் சத்தம் தன்னுடையது என்று காதில் கேட்டுத்தான் நூலுவுக்குத் தெரிந்தது.